மரத்தைக் காக்கவைக்காத ஊர்

ஐரோப்பாவில் கேலி என்பது ஆற்றுத் தண்ணீர் மாதிரி வடக்கிலிருந்து தெற்கே இறங்கி வரும். ஜெர்மன்காரர்கள் தெற்கே இருப்பவர்கள் எல்லாரையும் பார்த்துச் சிரிப்பார்கள், வெயில் காய்வதையே தொழிலாகச் செய்கிறவர்கள் என்று. அந்தத் தெற்கில் ஸ்பெயின்காரர்கள் போர்த்துகல்காரர்களைப் பார்த்துச் சிரிப்பார்கள். போர்த்துகலில் லிஸ்பன்காரர்கள் அலென்தேஜுக்காரர்களான எங்களைப் பார்த்துச் சிரிப்பார்கள். அலென்தேஜுக்காரனுக்குத் தும்மல் வந்தால், அது வெளியே வந்து சேர்வதற்குள் சளியே குணமாகிவிடும் என்பார்கள். அலென்தேஜுவுக்குள் மற்ற ஊர்க்காரர்கள் எல்லாரும் வாலசொம்ப்ராவைப் பார்த்துச் சிரிப்பார்கள். வாலசொம்ப்ராவுக்குக் கீழே சிரிக்க ஆள் கிடையாது. அதனால் கேலி எங்கள் ஊர்வரை வந்து, மர நிழலைப் பார்த்து, இங்கேயே தங்கிவிட்டது. ஒரு கண்டத்தின் கேலி மொத்தத்தையும் உட்கார்ந்த இடத்திலிருந்தே வாங்கி வைத்துக்கொள்வது எல்லா ஊராலும் ஆகிற காரியமில்லை.

எங்கள் மாதா கோயில் கடிகாரம் நாற்பது நிமிஷம் பின்னால் ஓடும். புதிதாக வந்த பாதிரியார் ஒருவர் அதைச் சரிசெய்து வைத்தார். அதே வாரத்தில் நடந்த கல்யாணத்தில், மணப்பெண் வந்து சேர்வதற்குள் மாப்பிள்ளைக்குக் காதோரம் நரைத்துவிட்டது. பாதிரியார் தானே ஏணி வைத்து ஏறி முள்ளைப் பழைய இடத்துக்கே தள்ளிவிட்டார்.

இதையெல்லாம் யார் சொன்னாலும் நாங்கள் மறுப்பதில்லை. விட்டுப்போனது இருந்தால் சேர்த்தும் சொல்வோம். ஆனால் ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் வாலசொம்ப்ராக்காரன் முன்னால் நின்று யாரும் விளையாட முடியாது. அது தக்கை மரம்.

தக்கை மரத்தின் பட்டையை ஒன்பது வருஷத்துக்கு ஒரு முறைதான் உரிக்கலாம். ஜூன், ஜூலையில் மரத்துக்குள் நீர் ஓடும்போது, கோடரியால் மேல்பட்டையை மட்டும் கீறிப் பிளந்து, கோடரிப் பிடியின் நுனியைச் செருகி நெம்பி எடுக்க வேண்டும். உள்ளே இருப்பது தாய்த்தோல். அதில் கோடரி பட்டால் மரம் சாகிறவரைக்கும் அந்த இடம் ஆறாது. அவசரக்காரன் கையில் கோடரியைக் கொடுத்தால் தோப்பு முழுக்கத் தழும்பாகிவிடும். உரித்த மரம் ரத்தச் சிவப்பாக நிற்கும். உரித்தவன் கையும் துருப்பிடித்த மாதிரி ஆகிவிடும். அந்தக் கறை நாலு நாளைக்குப் போகாது. கடைசியில் உரிக்கிற கோஷ்டியின் மேஸ்திரி வெள்ளைப் பெயின்ட் எடுத்து, வருஷத்தின் கடைசி எண்ணை மரத்தின் உடம்பில் எழுதுவார். 2005இல் உரித்தால் 5. அந்த மரத்துக்கு 2014இல் மறுபடி முறை வரும். யாரும் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டியதில்லை. மரமே சொல்லும்.

வாலசொம்ப்ரா எதற்கு வேண்டுமானாலும் பிந்தி வரும், மரத்தைக் காக்கவைத்ததில்லை. இது எங்கள் அப்பன் பாட்டன் காலத்திலிருந்து வருகிற பேச்சு.

இந்தப் பேச்சை ஊரிலேயே அதிகம் பேசியவர் மேஸ்திரி ஜசிந்து. அது பொய் என்று ஊரில் அறிந்திருந்த ஒரே ஆளும் அவர்தான். அல்லது அப்படித்தான் அவர் நினைத்துக்கொண்டிருந்தார்.

நடந்தது இதுதான். 2014, ஒரு வார ஓய்வுக்குப் பிறகு வந்த பருவத்தின் கடைசி நாள். ஊருக்குப் பின்னால் ஓடைக்கு அந்தப் பக்கம் துறவிக் குன்று. அதில் 5 போட்ட இருபத்தேழு மரங்கள். காலையில் கிளம்பிய கோஷ்டி அங்கே போய்ச் சேர்ந்தபோது மத்தியானம் ஆகிவிட்டது. எட்டுப் பேரும் பூண்டும் கொத்தமல்லியும் தட்டிப்போட்ட ரொட்டி சூப்பைக் குடித்துவிட்டு, உண்ட களைப்புக்குக் கொஞ்சம் சாய்ந்தார்கள். எழுப்பவேண்டிய மேஸ்திரியும் சாய்ந்தார். அவர் கண் விழித்தபோது சூரியன் மலைக்குள் பாதி போயிருந்தது. அன்று காலையில்தான், பக்கத்து ஊரான மொன்டெருய்வின் மேஸ்திரி விர்கொலீனுவிடம், எங்களுக்கும் உங்களுக்கும் என்ன வித்தியாசம் தெரியுமா என்று ஆரம்பித்து ஒரு மணி நேரம் பேசிவிட்டு வந்திருந்தார். மறுநாள் கிழக்குக் காற்று வரும் என்று வானொலி சொல்லியிருந்தது. காற்று வந்தால் பட்டை இறுகிவிடும்.

ஜசிந்து பெயின்ட் டப்பாவை எடுத்தார். தூங்குகிற ஏழு பேரையும் தாண்டித் தாண்டிப் போய், உரிக்காத இருபத்தேழு மரங்களிலும் பழைய 5ஐ அழித்துப் புது 4 எழுதினார். பிறகு ஒவ்வொருவனாகத் தட்டி எழுப்பி, வேலை முடிந்தது, பட்டையை டிராக்டர் அப்போதே ஏற்றிக்கொண்டு போய்விட்டது, வீட்டுக்குப் போகலாம் என்றார்.

அவர்கள் எழுந்து குன்றைப் பார்த்தார்கள். அந்திவெயிலில் இருபத்தேழு மரங்களும் சிவப்பாக நின்றன. எண்கள் ஈரமாக இருந்தன. எல்லாவற்றுக்கும் மேலாக, ஏழு பேருக்கும் உடம்பு அடித்துப்போட்ட மாதிரி வலித்தது. எங்கள் ஊர்க்காரனுக்குத் தூங்கி எழுந்தாலும் அப்படித்தான் வலிக்கும். உடம்பு வலித்தால் உழைத்திருக்கிறோம் என்று அர்த்தம் என்பது அவர்கள் கணக்கு. இன்றைக்கு நல்ல வேலை என்று சொல்லிக்கொண்டே கோடரியைத் தோளில் போட்டு இறங்கினார்கள். கோஷ்டியிலேயே மூத்தவரான பெந்துவுக்கு அன்று பிடித்த இடுப்புவலி அதற்குப் பிறகு விடவேயில்லை.

அடுத்த வருஷம் சொல்லிவிடலாம் என்று ஜசிந்து நினைத்தார். அடுத்த வருஷம் 6 போட்ட மரங்களின் முறை. 4 என்று எழுதிய மரத்தின் பக்கம் யார் போவார்கள்? இப்படியே ஒன்பது வருஷம் ஓடியது. 2023 வந்தது. 4 போட்ட மரங்களின் முறை.

அந்தக் கோடையில் ஜசிந்து துறவிக் குன்றை மூன்று தடவை தள்ளிப்போட்டார். நீர் ஓட்டம் சரியில்லை என்றார். எறும்பு அதிகம் என்றார். மூன்றாவது தடவை காரணமே சொல்லவில்லை. தள்ளிப்போடுவதற்குக் காரணம் கேட்கிற வழக்கம் எங்கள் ஊரில் கிடையாது. ஆனால் ஜூலை கடைசிக்கு வந்துவிட்டது, மற்ற மரங்கள் எல்லாம் முடிந்துவிட்டன. கோடரியை வைத்தால் ஒன்பது வருஷத்துப் பட்டைக்குப் பதிலாகப் பதினெட்டு வருஷத்துப் பட்டை வரும். பட்டை பொய் சொல்லாது. ஜசிந்துவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. வாலசொம்ப்ராவில் இது மருத்துவரைக் கூப்பிடவேண்டிய அளவுக்குப் பெரிய விஷயம்.

அந்த வாரம்தான் ஜெர்மன்காரி வந்தாள்.

பெயர் ஹெட்விக். ஐம்பது வயசு இருக்கும். திங்கட்கிழமை பத்து மணிக்கு வருகிறேன் என்று எங்கள் ஊருக்கும் எழுதியிருந்தவள் வியாழக்கிழமை சாயங்காலம் வந்து இறங்கினாள். ஜெர்மன்காரர்கள் நேரம் தவறாதவர்கள் என்று கேள்விப்பட்டு, திங்கட்கிழமை எட்டு மணிக்கே எழுந்து சட்டை மாற்றிக்கொண்டு காத்திருந்தவர்கள் எங்கள் ஊரில் உண்டு. அவள் மன்னிப்புக் கேட்டாள். அவளுடைய ஊரிலேயே ரயில் ஆறு மணி நேரம் பிந்தியதாம். அதில் விமானம் போய், பிறகு எல்லாம் போயிற்றாம். நேரம் தவறாமை என்பதெல்லாம் தாத்தா காலத்துக் கதை என்றாள். ஊருக்கு அவளை உடனே பிடித்துப்போயிற்று. நிழலில் இருந்த நல்ல நாற்காலியை அவளுக்குக் கொடுத்தார்கள். அவள் லிஸ்பனில் போர்த்துகீஸ் படித்தவள், அதனால் வேகமாகப் பேசினாள். ஒவ்வொன்றையும் இரண்டு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டோம்.

அவளைத் தன் வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தவன் விர்கொலீனு. மொன்டெருய்வுக்காரன் சும்மா பெட்ரோல் செலவழிக்கமாட்டான். இறங்கியதும், வேடிக்கை பார்க்க வசதியாக வாசற்படியில் சாய்ந்து நின்றுகொண்டான்.

காப்பிக்கடை ஜசிந்துவின் மனைவி ஃபெலிஸ்மீனாவுடையது. ஊரில் பாதி அங்கேயே இருந்தது. மீதிப் பாதி வந்துகொண்டிருந்தது. ஹெட்விக் தன் கதையைச் சொன்னாள். அவளுடைய ஊர் மாதா கோயிலில் பெரிய மணி ஒன்று இருக்கிறது. அடித்தால் கோபுரமே அதிர்ந்து சுவர் விரிகிறது என்று நிறுத்தி வைத்திருக்கிறார்கள். மணியைத் தாங்குகிற சட்டத்துக்கு அடியில் தக்கைப் பலகை வைத்தால் அதிர்வை அது வாங்கிக்கொள்ளும். தூளை ஒட்டிச் செய்த பலகை கூடாது, ஒரே பட்டையில் அறுத்ததாக இருக்க வேண்டும், கனம் ஒரு சாண் வேண்டும் என்று ஊர்க் குழு முடிவு செய்திருக்கிறது. இவள் அலென்தேஜு முழுக்க எழுதிக் கேட்டுவிட்டாள், வழியில் இருந்த ஊர்களிலும் இறங்கிப் பார்த்துவிட்டாள். எங்கே போனாலும் ஒன்பது வருஷத்துப் பட்டை, மூன்று விரல் கனம். கிடைக்காமல் திரும்பிப் போனால் குழு பேச்சை முதலிலிருந்து ஆரம்பிக்கும். அதை நினைத்தாலே அவளுக்குத் தூக்கம் வரவில்லை.

“எங்க ஊர்ல கேட்டாங்க,” என்றான் விர்கொலீனு. “நாங்க கரெக்டா உரிக்கிற ஆளுங்க, எங்ககிட்ட ஏதும்மா அவ்வளவு கனம்னேன். மரத்துக்குக் கீழ படுத்து மரத்தையே மறந்துட்ட ஊரு ஒண்ணு இருந்தா அது வாலசொம்ப்ராதான், அங்க போய்ப் பாருங்கன்னு நானே கூட்டிட்டு வந்தேன்.”

கடை முழுவதும் கோபத்தில் எழுந்து நின்றது. எல்லாரும் நிமிர்ந்து முடிக்கக் கொஞ்சம் நேரமாயிற்று, ஆனால் ஒருவர் பாக்கியில்லை. பெந்து ஒரு கையை இடுப்பில் முட்டுக் கொடுத்துக்கொண்டு முன்னால் வந்தார்.

“யோவ் விர்கொலீனு, நாங்க சாப்பாட்டுக்கு லேட்டா வருவோம், சாவுக்கும் லேட்டா வருவோம். மரத்துக்கு லேட்டா வந்தோம்னு ஒருத்தன் சொல்லட்டும் பாப்போம். மேஸ்திரி, நீயே சொல்லு.”

எல்லாரும் ஜசிந்துவைப் பார்த்தார்கள். கல்லாவுக்குப் பின்னால் ஃபெலிஸ்மீனா ஒரு கண்ணாடித் தம்ளரைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

தலையை ஆட்டினால் போதும். விர்கொலீனு வாயை மூடிக்கொண்டு போய்விடுவான். ஜெர்மன்காரி வெறுங்கையோடு போவாள். துறவிக் குன்றை இன்னும் ஒரு வருஷம் ஏதாவது சொல்லித் தள்ளலாம். ஜசிந்து காப்பியைக் குடித்தார். கோப்பையின் அடியில் இருந்த சர்க்கரையைக் கரண்டியால் சுரண்டிச் சாப்பிட்டார். வெளியூர்க்காரர்களாக இருந்தால் இதற்குள் கலைந்து போயிருப்பார்கள். எங்கள் ஊர் நின்றது.

“இருக்கு,” என்றார் ஜசிந்து. “அந்தம்மா கேக்குற பட்டை துறவிக் குன்றுல இருக்கு. இருபத்தேழு மரம்.”

“அது போன முறை நாம உரிச்சதுல்ல?” என்றார் பெந்து.

“உரிக்கல. தூங்கிட்டோம். நான்தான் நாலுன்னு எழுதி உங்களை எழுப்பிக் கூட்டிட்டு வந்தேன்.”

“உரிச்சோம் மேஸ்திரி. எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. ஓடைப் பக்கத்து மரத்துல ஏறினேன்.”

“ஏறல பெந்து. அதுக்குக் கீழதான் படுத்திருந்த.”

பெந்து யோசித்தார். “அப்போ என் இடுப்பு வலி?”

வாசற்படியில் விர்கொலீனுவுக்குச் சிரிப்பு வயிற்றிலிருந்து கிளம்பி மேலே வந்துகொண்டிருந்தது. இரண்டு கையாலும் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டான். அந்தச் சிரிப்பு மட்டும் வெளியே வந்திருந்தால் அன்று ராத்திரிக்குள் ஸ்பெயின் எல்லைவரை போயிருக்கும்.

“அப்படின்னா எத்தனை வருஷத்துப் பட்டை?” என்று ஹெட்விக் கேட்டாள். இரண்டு தடவை கேட்டாள்.

“பதினெட்டு,” என்றார் ஜசிந்து. தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

“பரவாயில்லையே. அந்த மணிக்குக் கீழ தக்கை வைக்கலாமா வேண்டாமான்னு முடிவு பண்ண எங்க குழுவுக்கு இருபத்திரண்டு வருஷம் ஆச்சு.”

விர்கொலீனுவின் சிரிப்பு தொண்டையில் நின்றது. ஜெர்மன்காரர்களுக்கே இருபத்திரண்டு என்றால் பதினெட்டைப் பார்த்து எந்தப் பக்கமாகச் சிரிப்பது என்று அவனுக்குத் தெரியவில்லை. அவன் அதை விழுங்கிய சத்தம் கல்லாவரைக்கும் கேட்டது. கடையில் இருந்த மற்றவர்கள் வேறு கவலையில் இருந்தார்கள். இருபத்திரண்டு வருஷமா, தூங்காமலேயா என்று ஒருவர் கேட்டார். கூட்டம் போட்டு, விழித்துக்கொண்டே என்றாள் ஹெட்விக். அப்படி ஒரு திறமை வடக்கே இருப்பது எங்களுக்கு இத்தனை நாளும் தெரியாது.

மறுநாள் காலை கோஷ்டி துறவிக் குன்றுக்குப் போனது. காலையிலேயே போய்ச் சேர்ந்தது. இது எழுதி வைக்கவேண்டிய விஷயம். ஹெட்விக்கும் வந்தாள். என்னதான் ஆகிறது பார்ப்போம் என்று விர்கொலீனுவும் வந்தான். ஓடைப் பக்கத்து மரத்தில் பெந்து கோடரியை வைத்தார். பிளவில் பிடியைச் செருகி நெம்பியபோது பட்டை விட்ட சத்தத்துக்கு ஓடையில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த ஆடுகள் மன்னிப்புக் கேட்கிற மாதிரி தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டன. கதவு கழன்று வருகிற மாதிரி ஒரே துண்டாக வந்தது. கனம் ஒரு சாண். மொன்டெருய்வுக்காரர்கள் முக்கால் சாண் என்பார்கள். அவர்களுக்குக் கை பெரிது.

பதினெட்டு வருஷத்துப் பட்டை பிடிவாதமாக ஒட்டிக்கொண்டிருக்கும். கொஞ்சம் அவசரப்பட்டால் தாய்த்தோலும் சேர்ந்து வந்துவிடும். எட்டுப் பேரும் நெம்பினார்கள், நிறுத்தினார்கள், பட்டையில் காது வைத்துக் கேட்டார்கள், மறுபடி நெம்பினார்கள். இப்படி நான் வேலை பார்த்ததேயில்லை என்று விர்கொலீனு தன்னையறியாமல் சொல்லிவிட்டு, சொன்னதை நினைத்து வருத்தப்பட்டான். மத்தியானச் சாப்பாட்டுக்கு யாரும் உட்காரவில்லை. மூன்று மணிக்கு இருபத்தேழாவது மரமும் முடிந்தது. ஒரு மரத்திலும் ஒரு தழும்பு இல்லை.

எண் எழுதவேண்டும். 2023, அதனால் 3. பெந்து பெயின்ட் டப்பாவைத் திறந்து தூரிகையை ஜசிந்துவிடம் நீட்டினார். ஜசிந்து வாங்கவில்லை.

“பொய் எழுதின கை இது. வேற யாராவது எழுதுங்க. நாளையிலேருந்து மேஸ்திரியும் வேற ஆளைப் பாத்துக்குங்க.”

பெந்து தூரிகையை ஜசிந்துவின் காலடியில் இருந்த கல்மேல் வைத்தார். வைத்துவிட்டு எதிரே போய் உட்கார்ந்தார். மற்ற ஆறு பேரும் உட்கார்ந்தார்கள். யாரும் வற்புறுத்தவில்லை, யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. எங்கள் ஊரில் ஒருவரைச் சம்மதிக்கவைக்க வேண்டும் என்றால் இப்படித்தான்.

நாலு மணி ஆயிற்று. ஜசிந்து நின்றுகொண்டிருந்தார். ஐந்து மணிக்கு விர்கொலீனு, என்னய்யா நடக்குது இங்க என்று கேட்டான். அரை மணி நேரம் பொறுத்துப் பார்த்தான். கால் மாற்றி நின்றான். குச்சியை ஒடித்தான். பிறகு, தூரிகையை நானே எடுத்து எழுதித் தொலைக்கிறேன் என்று ஒரு அடி வைத்தான். எட்டுப் பேரும் அவனைப் பார்த்த பார்வையில் அப்படியே திரும்பி வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டான். மொன்டெருய்வு அவ்வளவுதான் தாங்கும். ஹெட்விக் ஒரு மரத்தில் சாய்ந்து கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவளுடைய முகத்தில் ஒரு அலுப்பும் இல்லை. இருபத்திரண்டு வருஷப் பழக்கம் சும்மா போகுமா.

சூரியன் மலைக்குள் இறங்கியது. அந்த வெயிலில் இருபத்தேழு மரங்களும் சிவந்தன. இந்த முறை வெயில் போன பிறகும் அந்தச் சிவப்பு அப்படியே நின்றது. ஜசிந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு குனிந்து தூரிகையை எடுத்தார். ஏழு பேரும் எழுந்து மண்ணைத் தட்டிவிட்டுக்கொண்டு, அவர் பின்னாலேயே ஒவ்வொரு மரமாகப் போனார்கள். இருபத்தேழு 3. ஒவ்வொன்றும் கோணாமல், ஓடையின் இந்தப் பக்கத்திலிருந்தே படிக்கிற அளவுக்குப் பெரிதாக.

பட்டைகள் பிற்பாடு லாரி ஏறி ஜெர்மனிக்குப் போய்ச் சேர்ந்தன. பலகையை எந்தத் திருகாணி போட்டு முடுக்குவது என்று குழு பேசிக்கொண்டிருக்கிறதாம். மணி அடிக்கும்போது சொல்லி அனுப்புகிறேன் என்று ஹெட்விக் எழுதியிருக்கிறாள். நல்லபடியாக யோசித்துச் செய்யுங்கள் என்று பதில் எழுதத் தொடங்கியிருக்கிறோம்.

எண் எழுதிய அன்று ராத்திரி ஜசிந்து வீட்டுக்கு வந்தபோது ஃபெலிஸ்மீனா கடையைச் சாத்திவிட்டுச் சாப்பாட்டு மேசையில் காத்திருந்தாள். அவருடைய இரண்டு கைகளையும் பிடித்து, துருவேறிக் கிடந்த விரல்களை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தாள்.

“ஒம்பது வருஷத்துக்கு முன்னாடி ஒரு நாள், துறவிக் குன்றை முடிச்சிட்டு வர்றேன்னு வந்து உக்காந்த. கையில ஒரு பொட்டுக் கறை இல்ல.”

ஜசிந்து அவளைப் பார்த்தார். “அப்பவே தெரியுமா உனக்கு?”

“தெரியும்.”

“ஏன் கேக்கல?”

“நீயே சொல்லட்டும்னு இருந்தேன். என்ன அவசரம்?”

அவர் கை கழுவ எழுந்தார். அவள் தோளைப் பிடித்து அழுத்தி உட்காரவைத்து, சூப்புக் கிண்ணத்தை அவர் முன்னால் நகர்த்தினாள்.

“கழுவ வேண்டாம். அப்படியே சாப்பிடு.”